முழங்கைக்குக் கேட்ட சத்தம்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூர் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவின் மேசை மேல், மின்சாரத்தை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர்கள் இரண்டு கிடந்தன. ஒன்று பழசு, இன்னொன்றில் விலைச்சீட்டுகூட இன்னும் உரிக்கவில்லை.

"ரெண்டுமே கெட்டுப்போச்சு கண்ணு. கம்பி ரெண்டையும் தொட வெச்சா சத்தம் வரோணுமில்ல? வர்றதே இல்ல. புதுசும் அப்படித்தான் இருக்குது."

புதியதை வாங்கி, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டிக்குத் திருகைத் திருப்பி, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒட்டவைத்தேன். பீ என்று அறை முழுக்கக் கேட்டது. சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், "பாத்தியா, வரல" என்று நான் ஒத்துக்கொள்வதற்காக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முனைகளைப் பிரித்தேன், மறுபடி ஒட்டினேன். அப்பா சமையல்கட்டு வாசலில் நிற்கும் அம்மாவை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மீட்டரை என் கையிலிருந்து வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார்.

அப்பா 31 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். கூலிக்கு நெசவு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தறிக்குடோனிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ரேடியோவைப் பிரித்து உட்காருவார். ஊரில் பாதி வீட்டு ட்ரான்சிஸ்டர் எங்கள் திண்ணைக்கு வந்து போயிருக்கிறது. அவர் கைப்பிடித்துத்தான் நான் ஈயம் வைக்கப் பழகினேன், டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்ததும் அதனால்தான். நாலைந்து வருஷமாக மேசைப் பக்கம் அதிகம் போவதில்லை என்று அம்மா சொல்வார். வயசாகிவிட்டது, கண் மங்கியிருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். காரணம் கண்ணில் இல்லை.

கோயமுத்தூரில் காது பரிசோதனை செய்தபோது ஒரு வரைபடம் கொடுத்தார்கள். ஆடியோகிராம் என்பார்கள். இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி, மேலிருந்து கீழாக எத்தனை டெசிபல் கொடுத்தால் கேட்கிறது என்ற கணக்கு. அப்பாவுக்கு 250, 500 ஹெர்ட்ஸில் கோடு மேலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட என் காது மாதிரிதான். 1000-ஐத் தாண்டியதும் சரியத் தொடங்கி, 4000-இல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறுகிறது. சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காதில் இந்த 4000 பள்ளம் ஓர் அடையாளம். நம் காதுக்குழல் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். அதன் நீளத்துக்கு ஏற்றபடி 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அடி அதற்குச் சற்று மேலே, 4000-ஐ ஒட்டி விழுகிறது. உள்காதில் அந்த இடத்து ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

தறியில் நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒரு பக்கப் பெட்டியிலிருந்து மறு பக்கப் பெட்டிக்குப் போய் மோதும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி. நிமிஷத்துக்கு நூறுக்கு மேல், ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து தறி. அப்பா வேலை பார்த்த காலத்தில் இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கு இருந்த வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல், 95 ஆனால் நாலு மணி நேரம்தான். அப்பா வேலை பார்த்த குடோனில் என் போனை வைத்துப் பார்த்தபோது 96, 97 என்று காட்டியது. போன் சரியான கருவி இல்லை என்று தெரியும், ஆனாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது என்ன கணக்கு என்று புரிந்தது. சத்தத்தால் வரும் காது இழப்பு தொழில் நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் அப்பா வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாக, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் தொடங்கியது. பத்துத் தறிக்கு இரண்டு பேர் நிற்கும் குடோன் அந்தக் கணக்கில் எங்கே வரும்? அப்பாவுக்கு ஒரு நாளும் யாரும் ஒரு காதடைப்பான் கொடுத்ததில்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள், அதோடு சரி. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் கேட்டுப் பார்த்தோம். 2016 சட்டப்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேட்கும் திறன் குறைந்தவர். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பதால் அப்பாவின் சராசரி அங்கே எட்டவில்லை. "சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியமாட்டீங்குது" என்று அவர் சொல்வதை எந்தச் சராசரியும் சொல்லாது. கடை, தடை, படை மூன்றும் அவருக்கு 'அடை'தான். உயிரெழுத்து தாழ்ந்த ஒலியில் வந்துவிடுகிறது, முன்னால் நிற்கும் மெய்யெழுத்து உயர்ந்த ஒலியில் தொலைந்துபோகிறது. மீதியை உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறார். தறிக்குடோனில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் அது அவருக்குப் புதிதல்ல.

இப்போது மீட்டருக்கு வருகிறேன். அதற்குள் இருப்பது பீசோ பஸ்ஸர், பித்தளைத் தகட்டில் ஒட்டிய ஒரு பீங்கான் வட்டு. சின்ன வட்டு எந்த அலைவரிசையில் நன்றாக அதிருமோ அந்த அலைவரிசையில் ஓட்டினால்தான் குறைந்த பேட்டரியில் அதிகச் சத்தம் வரும். அந்த அலைவரிசை பெரும்பாலும் 2000-க்கும் 4000-க்கும் நடுவில் வரும். அதாவது தறி எந்த இடத்தில் காதைத் தின்றதோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் மீட்டரும், வாஷிங் மெஷினும், இன்வெர்ட்டரும், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் கத்துகின்றன. எங்கள் பக்கம் தறி ஓட்டி வயதான ஆயிரக்கணக்கான பேருக்கு இவை எல்லாமே ஊமைச் சாமான்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தாலும் பயனில்லை. பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார், அப்பாவுக்கு அப்போதும் கேட்காது.

காந்திபுரத்துக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கி வந்தேன். முதலில் செய்தது, யாருக்கும் முதலில் தோன்றுகிற வெளிச்சம். ஒரு பச்சை எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், பேட்டரி, இரண்டு முனை. தொட்டால் எரியும். அப்பா அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இடுக்கான போர்டில் முனையை வைக்கும்போது கண் முனையின் மேல் இருந்தாக வேண்டும். விளக்கைப் பார்க்கக் கண்ணை எடுத்தால் முனை வழுக்கிப் பக்கத்துக் காலில் படுகிறது. கண்ணுக்கு ஓய்வில்லாத வேலை என்பதால்தானே அதற்குச் சத்தத்தையே வைத்தார்கள்! காதின் வேலையைக் கண் மேல் ஏற்றி, கண்ணுக்கு இரட்டைச் சுமை கொடுத்திருந்தேன்.

அடுத்தது அதிர்வு. போனுக்குள் இருக்கும் காசு மாதிரி மோட்டார், பத்து மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். அது 80 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், ஆர்டுயினோ போன்ற சின்னக் கணினிப் போர்டின் காலில் நேராக மாட்டக் கூடாது. இடையில் 2222 ட்ரான்சிஸ்டர் ஒன்று, மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக 4007 டையோடு ஒன்று. கறுப்பு முனையின் பிடியில் அதைக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு குறை. பிடி அதிர்ந்தால் முனையும் அதிர்கிறது. மோட்டார் சுழன்று வேகம் பிடிக்கக் கண நேரம் எடுத்துக்கொள்வதால், வரிசையாக இழுத்துக்கொண்டே போகும்போது ஒரு தொடுகை நழுவிப் போகிறது. கேட்கும் காது உள்ளவர் பஸ்ஸரில் பிடிக்கும் அந்தச் சின்னத் துண்டுச் சத்தத்தை இது பிடிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்.

"தறில பாவு நூல் அந்துபோனா எனக்கு எப்படித் தெரியும்னு நெனைக்கற?"

"துணியப் பாத்துத் தெரிஞ்சுக்குவீங்க."

"ஏதாவது முட்டிக்கிச்சுன்னா?"

"சத்தம் மாறுமுங்களாப்பா?"

"பன்னெண்டு தறி ஓடறப்ப எந்தச் சத்தங் கண்ணு மாறும்? தறி மேல கைய வெச்சாத் தெரியும். தரைல நின்னாலே கால்ல தெரியும். நீ அந்த மோட்டார என்ற கைல கட்டாத. மேசைல வெய்யி."

அவருடைய மேசை பழைய பலகை, மாமரம், ஒன்றரை அங்குல கனம். வேலை பார்க்கும்போது இடது முழங்கையும் முன்கையும் எப்போதும் அதன் மேல் ஊன்றியிருக்கும். மோட்டாரை விட்டுவிட்டு, பழைய ரேடியோவிலிருந்து கழற்றி வைத்திருந்த 8 ஓம் ஸ்பீக்கரைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துத் திருகினோம். அதை ஓட்டுவதற்கு, விடாமல் துடிப்பு கொடுக்கும் 555 என்ற சிப், அதாவது ஐ.சி. 1971-இல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்தது, இன்றைக்கும் டீ விலைக்குக் கிடைக்கிறது. எட்டுக் காலில் இதை விடக் கைக்கு இணக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. 4.7 கிலோ ஓம் ஒன்று, 12 கிலோ ஓம் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் 500 ஹெர்ட்ஸ் வரும். அப்பாவின் காது நல்லபடியாக இருக்கும் இடம் அதுதான். 9 வோல்ட் பேட்டரியின் ஒரு கம்பியை அறுத்து, அறுத்த இரண்டு நுனிகளையும் முனைகளாக வெளியே விட்டேன். முனைகள் தொட்டால் சுற்று முழுமையாகும்.

தொட்டார். நிமிர்ந்து பார்த்தார். "கேக்குது" என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இன்னுங் கொஞ்சம் எறக்கு பாக்கலாம்" என்றார். கெப்பாசிட்டரை 0.22-க்கு மாற்றினேன். கணக்குப்படி 228 ஹெர்ட்ஸ். இப்போது காதில் உறுமலாகவும் முழங்கையில் குறுகுறுப்பாகவும் இரண்டு வழியிலும் வந்தது. தோலுக்குள் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகளில் ஒரு வகை இருக்கிறது, அது 250 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் மிகக் கூர்மை. இதைப் படித்து வைத்திருந்த எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இறக்கச் சொன்னது அவர் முழங்கை.

அந்தச் சுற்றில் நான் எதிர்பாராத ஒரு குணம் இருந்தது. முனைகள் பேட்டரியோடு தொடரில் இருப்பதால், நடுவில் கொஞ்சம் மின்தடை வந்தால் சத்தம் அறுந்துபோகாமல் மெலிந்துபோகிறது. ட்ரான்ஸ்பார்மரின் தடித்த கம்பிச் சுற்றில் வைத்தால் பலகை அதிர்கிறது, மெல்லிய கம்பிச் சுற்றில் வைத்தால் முனகுகிறது. எது கரண்ட் நுழையும் பிரைமரி, எது வெளிவரும் செகண்டரி என்று மீட்டர் எண்ணைப் பார்க்காமலே பிரித்து வைத்தார். கடைப் பஸ்ஸர் உண்டு, இல்லை என்ற இரண்டைத்தான் சொல்லும். செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முனையில் 9 வோல்ட் நிற்கிறது, ஐ.சி. உள்ள போர்டில் வைக்காதீர்கள். வயர், சுவிட்ச், ட்ரான்ஸ்பார்மர், காயில், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் எக்காரணம் கொண்டும் கூடாது.

வீட்டில் மற்றவை எல்லாம் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. வாசலில் குருவி மாதிரி கத்தும் காலிங் பெல் இருந்தது, அப்பாவுக்கு அது இருக்கிறதே தெரியாது. கழற்றிவிட்டு, உலோகப் பட்டையைத் தட்டும் பழைய டிங்-டாங் மணியை மாட்டினோம். சால்டரிங் இல்லாமல், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு தீர்ந்தது. குக்கர் விசிலை எண்ணிச் சொல்ல மைக் சென்சார் வைத்து ஒன்று செய்தேன், கிரைண்டர் ஓடினாலே விசில் என்று எண்ணியது, விட்டுவிட்டேன். மின்னும் விளக்கு வைக்கிறவர்கள் வினாடிக்கு ஒன்றிரண்டு மின்னலோடு நிறுத்துங்கள், மூன்றுக்கு மேல் போனால் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும்.

புகை அலாரம், கேஸ் அலாரம் இரண்டையும் மட்டும் நாமாகச் செய்து அதை நம்பித் தூங்கக் கூடாது. அதில் என் கையை நானே நம்பமாட்டேன். ஆனால் வாங்கும்போது கேட்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரணப் புகை அலாரம் 3100 ஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தும். ஆஸ்திரேலியாவில் டோரதி புரூக், இயன் தாமஸ் என்ற ஆய்வாளர்கள் தூங்குகிறவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். காது மந்தமானவர்களை எழுப்புவதில் 520 ஹெர்ட்ஸ் சதுர அலை அதைவிட வெகுவாகத் தேவலை என்று தெரிந்தது. அமெரிக்கத் தீயணைப்பு விதிகளில் படுக்கையறைகளுக்கு அந்த 520 சேர்க்கப்பட்டுவிட்டது. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் விழிக்கிறார்கள். கேட்கக் கேட்கத்தான் வரும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. பிறவியிலேயே காது கேளாத ராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். ரேடியோ வழியாகத் தட்டச்சு அனுப்பும் டெலிபிரின்டர்களோடு பழகிய கையால்தான், அந்த இயந்திரத்தைச் சாதாரண டெலிபோனோடு இணைக்கும் கருவியை 1964-இல் செய்தார். காது கேளாத இருவர் டெலிபோனில் நேருக்கு நேர் எழுத்தால் பேசிக்கொள்ள அதுதான் வழி திறந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் எந்த பேண்டில் இருந்தார், எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்டார்.

தை மாதத்தில் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினோம். வாங்கிய இடத்தில் பேட்டரி மாற்றுவது எப்படி என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அட்டைப்பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்த பிறகுதான், அதற்குள் டெலிகாயில் என்று ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருப்பதும், அதைத் திறந்தே விடாமல் கொடுத்திருப்பதும் தெரிந்தது. திரும்பப் போய்த் திறந்து வாங்கி வந்தேன். அந்தச் சுருள் காற்றில் வரும் ஒலியைக் கேட்காது, காந்தப்புலத்தைக் கேட்கும். அறையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் ஓட்டி அதில் டி.வி.யின் ஒலியை மின்னோட்டமாக அனுப்பினால், ஃபேன் சத்தமோ தெருச் சத்தமோ கலக்காமல் நேராகக் காதுக்குள் வரும். எங்கள் வீட்டில் அந்த வளையத்தைச் செய்து முடிப்பதற்குள் அப்பா அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்.

டெலிகாயிலில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனபோது ஒரு 'ர்ர்ர்' கேட்டிருக்கிறது. ட்ரான்ஸ்பார்மரின் காந்தக் கசிவு. தலையைத் திருப்பினால் கூடுகிறது, குறைகிறது. இதைக் குறையாகத்தான் எல்லாக் காகிதத்திலும் எழுதியிருப்பார்கள், ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி நிற்கவும் என்று. அப்பா ஒரு வாரம் வீடெல்லாம் அப்படியே நடந்திருக்கிறார். ட்யூப்லைட் சோக் ஒரு மாதிரி, ஃபேன் ரெகுலேட்டர் ஒரு மாதிரி, மீட்டர் பெட்டி ஒரு மாதிரி என்று எனக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் சொல்லும் பதில் பாதி விளங்காவிட்டாலும்.

பங்குனியில் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு முன்னால், மைக் செட் வைத்திருக்கும் தம்பி ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ட்ரான்ஸ்பார்மர் எரிந்து புதுசு மாற்றியதிலிருந்து ஓயாத இரைச்சல். இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார், கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

"மாமா, உங்களால ஆகுமுங்களா?" என்று உதடு தெரிய மெதுவாகக் கேட்டார்.

அப்பா மூடியைக் கழற்றி, கரண்ட் கொடுத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷின் மாட்டிய காதை ஓரடி தள்ளியே வைத்துச் சுற்றி வந்தார். மைக் நுழையும் பக்கத்துக்கு நேராக நின்றபோது முகம் சுளித்தார். புதிய ட்ரான்ஸ்பார்மரைப் பழையது இருந்த திசையில் மாட்டாமல் குறுக்கே மாட்டியிருக்கிறார்கள். அதன் கசிவு நேராக மைக் கம்பி மேல் விழுகிறது. ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய கரண்ட்டை ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, ட்ரான்ஸ்பார்மரின் நாலு திருகையும் எடுத்து, கால்வாசி திருப்பி, அடியில் கட்டையைக் கொடுத்தார். மறுபடி கரண்ட், மறுபடி அதே இடத்தில் காது. அணைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். மூன்றாவது முறை பென்சிலால் தகட்டில் நாலு புள்ளி வைத்தார்.

துளை போட்டு முறுக்கி முடித்ததும் தம்பி திண்ணையில் இருந்த பெட்டி ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஸ்பீக்கர் துணி மேலேயே காதை ஒட்டவைத்துக் கேட்டார். நானும் கேட்டேன். ஒன்றுமில்லை.

அப்பா ஸ்பீக்கர் பக்கம் திரும்பவே இல்லை. பழைய துளைகளில் தூசி போகாமல் இருக்க டேப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.